மலைமிதிவண்டி: பிள்ளைக்கு முதலில் எது?



சென்ற பள்ளி விடுமுறையின்போது என் முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தை தொலைபேசியில் அழைத்தார். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். மகன் இப்போது படிவம் ஒன்றில் பயில்கிறான். "ஐயா, பையன் மலையில் ஓட்டுவதற்குச் சைக்கிள் கேட்கிறான். 160 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் உள்ளதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நீங்களும் அதைத்தானே ஓட்டுகிறீர்கள்? வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

ஒரு சொல்லில் விடை கூறியிருக்கலாம். ஆனால், இதே கேள்வியைக் கடந்த ஓராண்டில் மூன்று பெற்றோர் என்னிடம் கேட்டுவிட்டனர். ஆதலால், என் கருத்தைச் சற்று விரிவாகவே இங்கு எழுதிவைக்க எண்ணினேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட அசைவுள்ள அதிர்வுதாங்கிகளைக் கொண்ட மலைமிதிவண்டி மிக நல்ல கருவி. ஆனால், பினாங்கு மலைப்பாதைகளில் ஓட்டப் பழகும் பிள்ளைக்கு அது முதல் வண்டியாக இருத்தல் கூடாது.

அது எத்தகைய வண்டி?

சஸ்பென்ஷன் என்று நாம் சொல்லும் அதிர்வுதாங்கி, கல்லோ வேரோ மோதும்போது சக்கரத்தை மட்டும் மேலே எழவிட்டு, ஓட்டுபவரின் உடலை நிலையாக வைத்திருக்க உதவுகிறது. சக்கரம் அவ்வாறு எழக்கூடிய உயரமே அசைவு நீளம். விரைவோட்டப் பந்தய வண்டிகளில் இது 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை இருக்கும். பொதுவான மலைப்பாதை வண்டிகளில் 120 முதல் 150 வரை. 'எண்டூரோ' எனப்படும் வகையில் 150 முதல் 180 வரை. மலையிறக்கப் பந்தயத்துக்கே உரிய வண்டிகளில் 200 வரை. அந்தச் சிறுவன் கேட்டது எண்டூரோ வகை.

எண்டூரோ பந்தயத்தில் இறக்கங்களில் எடுத்துக்கொள்ளும் நேரமே முடிவைத் தீர்மானிக்கும். ஏற்றத்தை வீரர் தம் காலாலேயே மிதித்துக் கடக்க வேண்டும் என்றாலும், அங்கே எவ்வளவு விரைந்தார் என்பது கணக்கில் சேராது. ஆகவே அந்த வண்டி, 'ஏறினால் போதும். இறங்கும்போது பறக்க வேண்டும்' என்னும் நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டது. கனடாவின் விஸ்லர் போன்ற இடங்களில் மிதிவண்டியையும் ஆளையும் இழுவைத் தூக்கியே மலைமேல் ஏற்றிவிடும். அங்கே நாள் முழுவதும் இறங்குவதுதான் வேலை. அத்தகைய நிலத்தில் இவ்வண்டியின் அருமை புரியும். நம் மலையில் தூக்கி இல்லை. ஏறியவர்தாம் இறங்க வேண்டும்.

மலைமிதிவண்டி இவ்வசதிகளோடு பிறந்ததன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவின் மேரின் வட்டாரத்தில் 1970களில் சில இளைஞர்கள் பழைய, கனத்த மிதிவண்டிகளை மண்பாதைகளில் இறக்கி ஓட்டினர். 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கின் சூட்டில் உள்ளிருக்கும் கிரீஸ் உருகிப் புகைந்துவிடுமாம். மறுமுறை ஓட்டுவதற்கு முன்னர் அதைத் திறந்து புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அப்பெயர் வந்தது. அப்போது அதிர்வுதாங்கி இல்லை. 1989இல் வெளிவந்த ரொக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க்கிலும் அசைவு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான். மலைமிதிவண்டி ஓட்டம் 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அன்றைய வீரர்களின் வண்டிகள், இன்று நம் பிள்ளைகள் 'இது போதாது' என்று ஒதுக்கும் வண்டிகளைவிடக் குறைந்த அசைவு கொண்டவையே.

நம் மலை எத்தகையது?

டத்தோ கிராமாட்டிலிருந்து மேற்கே பார்த்தால் மலை தெரியும். அந்த மலைத்தொடரின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். பூக்கிட் பெண்டேரா என்னும் கொடிமலைக்குத் தண்ணீர்மலைக்கு அப்பாலுள்ள தாவரவியல் பூங்காவிலிருந்து ஒரு சாலை ஏறுகிறது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் 600 மீட்டருக்கு மேல் உயர்கிறது. அஃதாவது, ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் சராசரியாகப் பன்னிரண்டு மீட்டருக்குக் குறையாத ஏற்றம். மலைக்கு மறுபுறம், பாலிக் புலாவ் பக்கம், டுரியான், ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்களுக்கு நடுவே குறுகிய சிமெண்டுப் பாதைகள் உள்ளன. தோட்டக்காரர்கள் மோட்டார்சைக்கிளில் சென்றுவருவதற்காகப் போடப்பட்டவை அவை. இடையிடையே வேர்கள் பின்னிக்கிடக்கும் ஒற்றையடிப் பாதைகளும், கருங்கற்கள் துருத்தி நிற்கும் செங்குத்தான இறக்கங்களும் வரும். தீவின் குன்றுகள் கருங்கல்லால் ஆனவை. அக்கல் சிதைந்து உண்டான மண், மழை பெய்தால் களியாகிவிடும்.

ஆக, ஒரே காலைப் பொழுதில் நாம் நான்கு வகை நிலங்களைச் சந்திக்கிறோம்: நெடிய ஏற்றம், வேர்ப்பாதை, கற்சரிவு, சிமெண்டு இறக்கம். இந்த நான்கிலும் நீண்ட அசைவுள்ள வண்டி எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே கேள்வி. என் வண்டி முன்னே 170, பின்னே 160 மில்லிமீட்டர் அசைவு கொண்டது. ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். நான்கு ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன்.

முதலாவது, ஏற்றம். 'கனத்த வண்டி, ஏறாது' என்று பலர் கூறுவர். அது முழு உண்மை அன்று. மற்ற வண்டியைவிட என் வண்டி 3 கிலோ கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். என்னையும் வண்டியையும் சேர்த்தால் 95 கிலோ. அதில் 3 கிலோ என்பது நூற்றுக்கு மூன்று பங்குதான். உண்மையான இழப்பு வேறிடத்தில் உள்ளது. ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் அமிழ்ந்து எழுகிறது. மிதித்த வலிமையில் ஒரு பங்கு அங்கே வீணாகிறது. இக்கால வண்டிகளில் இருக்கை செங்குத்தாக அமைந்திருப்பதாலும், ஷாக்கை இறுக்கிவைக்கும் நெம்பு இருப்பதாலும் இக்குறை வெகுவாகக் குறைந்துவிட்டது. எனினும் செங்குத்தான, மெதுவான வளைவில் சிக்கல் தொடங்கும். முன் ஃபோர்க் தரையோடு 64 பாகையில் சாய்ந்திருக்கிறது. சாலை மிதிவண்டியில் இது 72 பாகை அளவில் இருக்கும். மிகவும் சாய்ந்த ஃபோர்க், விரைவில் அசையாமல் நேராகச் செல்லும். மெதுவாகச் செல்லும்போதோ கைப்பிடி தானாகவே ஒரு பக்கம் விழப் பார்க்கும். உடலை முன்னே சாய்த்து முன்சக்கரத்தின்மீது எடையை வைக்கத் தெரியாதவர், வளைவில் பாதையைவிட்டு வெளியே போய்விடுவார்.

இரண்டாவது, வேர்ப்பாதை. சமநிலத்தில், நடைவேகத்தைவிடச் சற்றே விரைவாக ஓட்டும் பாதை. இங்கே இவ்வண்டி சோம்பேறி. குதிக்க வேண்டிய வேரில் குதிக்காது. நாம் கொடுக்கும் உந்துதலை அதிர்வுதாங்கியே விழுங்கிவிடும். ஏறி அமர்ந்ததும் வண்டி அமிழ்வதால் மிதிகட்டை தரைக்கு அருகில் வந்து, உயர்ந்த வேர்களில் இடிக்கும். நீண்ட உடலமைப்பால் மரங்களுக்கு இடையே வளைத்து எடுப்பதும் கடினம். அதிர்வு குறைவு என்பது உண்மை. ஆனால், பழகியவர் சாதாரண வண்டியில் இதே இடத்தை மகிழ்ச்சியோடு கடப்பார்.

மூன்றாவது, கற்சரிவு. இங்கேதான் இவ்வண்டி தன் விலையை ஈடுசெய்கிறது. பலகைபோல் படிபடியாக இறங்கும் கருங்கற்களில், சக்கரம் தரையைவிட்டு எழாமல் ஒட்டிச் செல்கிறது. சக்கரம் தரையில் இருந்தால்தான் பிரேக் வேலை செய்யும். கைப்பிடி சொல்வதை வண்டி கேட்கும். சாய்ந்த ஃபோர்க் காரணமாக முன்னே கவிழ்ந்துவிடுவோம் என்னும் அச்சமும் குறைகிறது. ஒரு சிறு பிழையை இவ்வண்டி மன்னித்துவிடும். இதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

நான்காவது, சிமெண்டு இறக்கம். இங்கே அதிர்வே இல்லை. ஆகவே அதிர்வுதாங்கிக்கு வேலையும் இல்லை. வேண்டியவை டயரும் பிரேக்கும் நிதானமும். 95 கிலோ எடை 600 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. மெதுவாக இறங்கினால் அதில் பெரும்பகுதி இரண்டு பிரேக் வட்டுகளில் வெப்பமாகிறது. விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். 1976இல் கிரீஸ் புகைந்த அதே கதைதான். 160 மில்லிமீட்டர் அசைவு இதை ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றாது.

நான் விழுந்த இடம்

இனி என் கதை. ஈராண்டுகளுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை காலை, பாலிக் புலாவ் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே கற்சரிவை மிக நன்றாகக் கடந்தேன். நெஞ்சில் சற்றே செருக்கும் ஏறியிருந்தது. அதே வேகத்தோடு தோட்டத்துச் சிமெண்டுப் பாதையில் நுழைந்தேன். முந்திய இரவு மழை. மரநிழலில் பச்சைப்பாசி. வளைவில் முன்சக்கரம் வழுக்கியது. வலத்தோள் தரையில் மோதியது. காறை எலும்பு முறிந்தது.

ஆறு வாரம் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்குச் சென்றேன். கரும்பலகையில் தேதியை மாணவர்களே எழுதினர். என் இடக்கை எழுத்தைப் பார்த்து, "ஐயா, உறுப்பெழுத்துப் பயிற்சி செய்யுங்கள்" என்று ஒரு சிறுமி அறிவுரையும் கூறினாள்.

அந்த ஆறு வாரங்களில் நான் எண்ணிப் பார்த்தது இதுதான்: நான் விழுந்தது கடினமான இடத்தில் அன்று, எளிய இடத்தில். வண்டி எந்த இடத்தில் எனக்கு உதவியதோ, அந்த இடத்தில் அது கொடுத்த வேகத்தை, அது உதவ முடியாத இடத்துக்கும் எடுத்துச் சென்றேன். அதிர்வு என்பது பாதை நமக்குச் சொல்லும் செய்தி. 'மெதுவாகப் போ' என்று கல் கையில் தட்டிச் சொல்கிறது. நீண்ட அதிர்வுதாங்கி அந்தச் செய்தியை நம் காதுக்கு எட்டாமல் செய்துவிடுகிறது. பாதையை முன்பே படித்தவருக்கு அதனால் கேடில்லை. படிக்கத் தொடங்குபவருக்கு அது பெருங்கேடு.

சிறுவர்க்கு இன்னொரு சிக்கல்

பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இவ்வண்டிகளின் ஷாக்குகள் பெரும்பாலும் வளர்ந்தவர் எடையை மனத்திற்கொண்டு செய்யப்படுகின்றன. 40 கிலோ எடையுள்ள பிள்ளை ஏறி அமர்ந்தால், காற்றழுத்தத்தைக் குறைத்தும்கூட, உள்ளேயிருக்கும் எண்ணெய்த் தடுப்பு அவனுக்கு மிகையாகவே இருக்கும். 160 மில்லிமீட்டருக்குப் பணம் கட்டிவிட்டு, அதில் ஒரு பகுதியை மட்டுமே அவன் பயன்படுத்துவான். வண்டியின் எடை மட்டும் முழுமையாக அவன்மீது இருக்கும். 15 கிலோ வண்டி எனக்கு என் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அவனுக்கோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அவனால் அதைத் தூக்கி வேலி தாண்டவும் இயலாது.

பராமரிப்பும் உண்டு. முன் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பொதுவாக 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் மாற்றச் சொல்வர். வாரம் 4 மணி நேரம் ஓட்டினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நம் ஊரின் ஈரத்திலும் களிமண்ணிலும் இதைத் தள்ளிப்போட்டால், விலையுயர்ந்த உறுப்பு விரைவில் தேய்ந்துவிடும். நல்ல எண்டூரோ வண்டியின் விலை ஐந்திலக்க ரிங்கிட்டைத் தொடும் காலத்தில், இச்செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

'நீண்ட அதிர்வுதாங்கி பிழையை மன்னிக்கும் என்று நீங்களே சொன்னீர்களே. பிழை செய்பவன் பிள்ளைதானே? அவனுக்குத்தானே அது தேவை?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், மன்னிக்கப்பட்ட பிழையைப் பிள்ளை பிழை என்றே அறிவதில்லை. ஆசிரியர்கள் இதை நன்கு அறிவர். விடைத்தாளில் வட்டமிடாமல் விட்ட ஒற்றுப்பிழை அடுத்த கட்டுரையிலும் வரும். மெதுவான வேகத்தில், சிறு கல்லில் தடுமாறிக் கற்றுக்கொள்வதே மலிவான பாடம். பெரிய வேகத்தில் வரும் முதல் தடுமாற்றத்துக்குக் கட்டணம் அதிகம். என் தோளைக் கேட்டால் சொல்லும்.

ஆகவே என் பரிந்துரை

முதல் வண்டியாக, பின்புறம் அதிர்வுதாங்கி இல்லாத, 'ஹார்ட்டெயில்' எனப்படும் வகையை வாங்குங்கள். முன்னே 100 முதல் 130 மில்லிமீட்டர் அசைவு போதும். பிள்ளையின் உயரத்துக்கேற்ற அளவு இன்றியமையாதது; 'வளர்ந்துவிடுவான்' என்று பெரிய அளவை வாங்க வேண்டா. மிச்சமாகும் பணத்தில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் நல்ல வட்டு பிரேக், ஈரத்தில் பிடிக்கும் அகன்ற டயர், தரமான தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு ஆகியவற்றை வாங்குங்கள். ஈராண்டு கழித்து, எந்த இடத்தில் தன் வண்டி தனக்குப் போதவில்லை என்று பிள்ளையே உங்களுக்குச் சொல்வான். அந்த இடம் கற்சரிவு என்றால், அப்போது நீண்ட அசைவைப் பற்றிப் பேசலாம்.

முன்னரே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டா. வண்டியைச் சரியாக அமைத்துக்கொண்டால் போதும். ஓட்டும் உடையோடு, முழு எடையோடு ஏறி நிற்கும்போது பின் ஷாக் அதன் நீளத்தில் 30 விழுக்காடு அமிழ வேண்டும். 60 மில்லிமீட்டர் இயங்கும் தண்டாயின் 18 மில்லிமீட்டர். முன் ஃபோர்க்கில் 20 விழுக்காடு அளவு. தண்டிலுள்ள ரப்பர் வளையத்தைக் கொண்டு இதை வீட்டிலேயே அளக்கலாம். அமுங்கிய ஷாக் மீளும் வேகமும் முக்கியம். மிக விரைந்து மீண்டால் ஆளை உதைத்துத் தள்ளும். மிக மெதுவாக மீண்டால் அடுத்தடுத்த கற்களில் அமிழ்ந்தபடியே கிடந்து, அசைவு இல்லாத வண்டியாகிவிடும். டயரில் காற்றைக் கல்போல் அடைக்கக் கூடாது. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடிப்பதற்குப் பதில், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பின்னர் விட்டு ஓட்டப் பழக்குங்கள். நடுவே நின்று வட்டுகளை ஆறவிடுங்கள். சிமெண்டில் பாசியைக் கண்டால் இறங்கி நடப்பதில் இழிவொன்றும் இல்லை.

மலைக்குச் செல்லும் முன்னர் எந்தப் பாதையில் மிதிவண்டிக்கு இடமுண்டு என்று கேட்டறிவதும் கடமை. கொடிமலைப் பகுதியை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. 2017 நவம்பர் மாதப் பெருமழையில் அந்த மலை எத்தனை இடங்களில் சரிந்தது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஈர மண்ணில் சக்கரத்தைப் பூட்டி இழுத்துச் சென்றால் பாதை வாய்க்காலாகும். தோட்டப் பாதைகளோ பிறர் உழைப்பில் போடப்பட்டவை. தோட்டக்காரரின் மோட்டார்சைக்கிளுக்கு வழிவிட்டு, வணக்கம் சொல்லிச் செல்லும் பழக்கத்தையும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.

இறுதியாக ஒன்று. இதையெல்லாம் படித்துவிட்டு, 'மலையும் வேண்டாம், மிதிவண்டியும் வேண்டாம்' என்று எவரும் முடிவெடுத்துவிடக் கூடாது. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை ஜொகூர் பாருவில், மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளைச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்த பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி உயிரிழந்தனர். 'பசிக்கால் லஜாக்' என்னும் சொல்லை நாடே அன்று அறிந்துகொண்டது. வேகத்தின்மீது பிள்ளைகளுக்குள்ள ஆசை தடை போட்டால் மறைந்துவிடாது. பகலில், பெரியவர் துணையோடு, வாகனம் வராத இடத்தில், நல்ல பிரேக் உள்ள வண்டியில் அந்த ஆசைக்கு நாம் வழிவிடாவிட்டால், அது இரவில் சாலைக்குப் போய்விடக்கூடும்.

அந்தத் தந்தையிடம் இவ்வளவையும் தொலைபேசியில் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியை அழைத்து வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். என் மைத்துனரின் சிறிய ஹார்ட்டெயிலை இரவல் வாங்கி வைத்திருந்தேன். முதலில் என் வண்டியில் அவனை ஒரு சிறு ஏற்றத்தில் ஏறச் சொன்னேன். இரண்டாம் வளைவிலேயே முன்சக்கரம் புல்லுக்குள் போய்விட்டது. பிறகு மற்றதைக் கொடுத்தேன். வேர்ப்பாதையில் இரண்டு முறை நின்றான், ஒரு முறை விழுந்தான், முழங்கையில் சிராய்ப்பு. மூன்றாம் முறை நின்று, தரையை உற்றுப் பார்த்து, "ஐயா, இடப்பக்கம் போனால் வேர் தாழ்வாக இருக்கிறது" என்றான்.

அவன் பாதையைப் படிக்கத் தொடங்கிவிட்டான். இனி எந்த வண்டி என்பதை அவனும் அவன் தந்தையும் பேசி முடிவு செய்துகொள்வர்.